பழைய காரில் ‘லோ பேட்டரி’ எச்சரிக்கை: புது பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன்னால்

கார் வாங்கியது புனலூரில். 2016 மாடல், கே.எல். நம்பர், ஒரே ஓனர், சர்வீஸ் புத்தகம் கையில். பானெட்டைத் திறந்தால் உள்ளே பளபளவென்று புது பேட்டரி. விற்றவர் அதைத் தட்டிக் காட்டி, “புதிய பேட்டரியா, ஒரு குழப்பவும் இல்லா” என்றார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. நமக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு, அந்த அர்த்தத்தில் எனக்குப் பத்து நாள் குழப்பம்.

தென்மலை, ஆரியங்காவு வழியாக நல்ல மழையில், ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் ஓட்டிச் செங்கோட்டை வந்தேன். புளியரை எஸ் வளைவில் சரக்கு லாரிக்குப் பின்னால் நின்று நின்று இறங்கியபோதுகூட ஒரு விளக்கும் எரியவில்லை. வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் நிறுத்தியதுதான். ஞாயிறு காலை சாவியைத் திருப்பினால் மீட்டரில் ‘லோ பேட்டரி’, செல்ஃப் போட்டால் டக்டக்டக்.

இதில் பாதி விடை அப்போதே இருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. எச்சரிக்கை ஓடும்போது வருகிறதா, நின்று எழும்போது வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஓடும்போது வந்தால் சார்ஜ் ஏறவில்லை. நின்று எழும்போது வந்தால் ஏறிய சார்ஜ் எங்கோ வடிகிறது, இல்லையென்றால் பேட்டரியால் பிடித்து வைக்க முடியவில்லை. இரண்டும் வேறு வேறு வியாதி, ஆனால் கடைக்குப் போனால் இரண்டுக்கும் ஒரே மருந்துதான் தருவார்கள்: புது பேட்டரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய காரில் புத்தம் புது பேட்டரி இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்களுக்கு முன்னால் யாரோ இதே கோளாறோடு மல்லாடி, பேட்டரியை மாற்றிப் பார்த்து, அதுவும் சரிவராமல்தான் வண்டியை விற்றிருக்கலாம்.

கையில் இருக்க வேண்டியது வோல்டேஜும் கரண்டும் அளக்கிற ஒரு மல்டிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு டார்ச். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும், ஆனால் அதில் 10 ஆம்பியர் அளக்கிற துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எரிவது எந்த விளக்கு?

சிவப்பு நிறத்தில், பிளஸ் மைனஸ் போட்ட பேட்டரிப் படம் எரிந்தால் அது பேட்டரியைப் பற்றியதே இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் (நம் ஊர் மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்). இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் அது எரியத்தான் வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கும், அல்லது விற்கும்போது யாராவது பல்பையே கழற்றியிருப்பார்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

‘லோ பேட்டரி’ என்று எழுத்தாக வந்தால் வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று பொருள். சாவிப் படத்தோடு வந்தால் தலைவலியே இல்லை, அது ரிமோட் சாவிக்குள் இருக்கிற சின்ன வட்ட பேட்டரி. பெரும்பாலான சாவிகளில் சி.ஆர். 2032 இருக்கும், வாட்ச் கடையில் கிடைக்கும். பழையதில் பொறித்திருக்கிற எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் அது முழுக்கச் செத்துவிட்டாலும் பெரும்பாலும் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு விளக்கு வந்தால்

ஏ.சி., ப்ளோயர், பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். அடுத்து உடனே வெப்ப முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றும், பெல்ட் அறுந்திருந்தால் பேட்டரிக்கு முன்னால் இன்ஜின் போய்விடும். முள் ஏறினால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள், அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

பெல்ட் இருக்கிறது, சூடும் ஏறவில்லை என்றால் வண்டி பேட்டரியில் மட்டும் ஓடுகிறது. சின்னக் கார்களில் இருக்கிற 35 ஆம்பியர்-மணி பேட்டரி (ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் என்று கணக்கு), இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டால் ஒரு மணி நேரம் தாங்கும் என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை. ராத்திரியில் ஆரியங்காவுப் பக்கம் விளக்கு வந்தால் காட்டுக்குள் துணிந்து போகாமல், கடை வெளிச்சம் இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தும் வரை இன்ஜினை அணைக்க வேண்டாம், அணைத்தால் மறுபடி எடுக்காமல் போகலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் தொடுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 12 சொச்சத்தில் நின்று, ரேஸ் கொடுத்தாலும் ஏறாவிட்டால் சார்ஜ் இல்லை. 15-க்கு மேல் போனால் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் போயிருக்கும், பேட்டரி கொதித்து நாறும். ஒரு சின்ன எச்சரிக்கை: புதிய வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது, பேட்டரி நிறைந்திருந்தால் வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைத்து வைக்கும். அதனால் ஹெட்லைட், ப்ளோயர் போட்டுவிட்டு அளந்து பாருங்கள், அப்போதும் ஏறாவிட்டால்தான் கோளாறு.

காரணம் பெரும்பாலும் இதில் ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பன்றி கத்துகிற மாதிரி ‘கீச்’ என்றால், அல்லது மழையில் தண்ணீர் தெறித்ததும் விளக்கு மினுங்கினால், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. அரை இன்ச்சுக்கு மேல் அமுங்கினாலோ, உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. ஐடிலில் மட்டும் மங்கலாக எரிந்து ரேஸ் கொடுத்தால் அணைந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னால் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் தனியாகக் கிடைக்குமா என்று ஒரு தடவை கேளுங்கள், பல மாடலுக்குக் கிடைக்கும். எதற்கும் முன்னால் ஆல்டர்னேட்டர் பின்பக்க பிளக் இறுக்கமாக இருக்கிறதா, பேட்டரி பக்கத்துப் பெரிய ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய ஆட்கள் ஒரு சோதனை செய்வார்கள், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது. அம்பாசிடர் காலத்தோடு அது முடிந்தது. இப்போது செய்தால் வோல்டேஜ் எகிறி, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இ.சி.யூ. காலி. யாராவது ஸ்பேனரோடு வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

நிறுத்தி வைத்து எடுக்கும்போது எச்சரிக்கை, செல்ஃப் போட்டால் டக்டக்டக்

என் கேஸ். வேகமாகத் தொடர்ந்து டக்டக்டக் என்று அடித்து, விளக்கெல்லாம் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. அளந்து பார்த்தேன், 11.7 வோல்ட். ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. ஓட்டி வந்த உடனே அளக்காதீர்கள், கொஞ்ச நேரத்துக்குக் கூடுதலாகப் பொய் சொல்லும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளங்கள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு வண்டியில் ஜம்ப் போட்டு எடுத்தோம். முறை இதுதான்: சிவப்பு ஒயர் முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியில் அல்ல. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். கழற்றும்போது அப்படியே தலைகீழ்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேட்டரிக் கடைக்குப் போனேன். பார்த்ததும், “அண்ணாச்சி, இது கம்பெனி பேட்டரி இல்ல, மாத்திருங்க” என்றார்கள். மாற்றினேன். மூன்றாம் நாள் மறுபடி ‘லோ பேட்டரி’. அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்து வடிகாலைத் தேட உட்கார்ந்தேன்.

தேடுகிற விதம் இது. சாவியை எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, டிரைவர் கதவு திறந்தேதான் இருக்க வேண்டுமென்றால் அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை ஏமாற்றுங்கள். சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள், ஸ்மார்ட் கீ வண்டி தூங்காது. மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் போட்டாலோ ஹெட்லைட் போட்டாலோ மீட்டருக்குள்ளிருக்கும் ஃபியூஸ் போய்விடும், நான் ஒன்று போக்கிவிட்டுத்தான் சொல்கிறேன். இணைத்ததும் ஒன்று, இரண்டு ஆம்பியர் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டிக்குள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள் முழித்திருக்கின்றன, அரை மணி நேரம் விட்டால் ஒவ்வொன்றாகத் தூங்கும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அரை மணி கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள், அதாவது 0.05-க்குள் இருந்தால் சரி. அந்தக் கணக்கில் நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் போகும், இரண்டு வாரம் நின்றாலும் பாதி மிஞ்சும். என் வண்டியில் 0.64. நாளைக்குப் பதினைந்து. வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு காலை வரை 34 மணி நேரம், 35 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 22 போயிருக்கிறது. பேட்டரி மேல் ஒரு தப்பும் இல்லை.

இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டர் எதில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிடுங்குவதற்கு முன் பெட்டியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எது எங்கே என்று பிறகு திண்டாடுவீர்கள். நான் இரண்டு பெட்டியிலும் எல்லாவற்றையும் பிடுங்கினேன். மீட்டர் 0.64-இலிருந்து 0.62 ஆனது, அவ்வளவுதான். எரிச்சலில் டார்ச்சை வைத்துக்கொண்டு பேட்டரியையே வெறித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பிளஸ் டெர்மினலில் கம்பெனிக் கேபிளுக்கு அடியில் ஒளிந்தாற்போல் இன்னொரு சிவப்பு ஒயர், சுண்டுவிரல் கனம். இன்ஜினுக்குப் பின்னால் தகரத்தில் ரப்பரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது. கார்பெட்டைத் தூக்கிக்கொண்டே பின்தொடர்ந்தால், முன்பக்க இடது சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபையர், தொட்டால் சட்டி மாதிரி சூடு. டிக்கியிலிருந்த பெரிய ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் இதை விட்டுவிட்டிருக்கிறார்கள். பாட்டுப் பெட்டி அணைந்தால் ஆம்ப்ளிஃபையரை அணைக்கச் சொல்கிற நீல ஒயர் ஒன்று உண்டு, அதை யாரோ சோம்பேறி நேரடி பிளஸ்ஸோடு முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார். ராத்திரி பகல் விழித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத பாட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு ஒயரின் ஃபியூஸைப் பிடுங்கியதும், வெளியே வைத்திருந்த மற்ற ஃபியூஸ்களையெல்லாம் போட்ட பிறகும், மீட்டர் 0.02.

ஆகவே என் அனுபவத்தில், ஃபியூஸ் பிடுங்குவதற்கு முன்னால் இரண்டு டெர்மினலையும் பாருங்கள். கம்பெனி கொடுத்த ஒயர் எத்தனை, பிறகு வந்து சேர்ந்தது எத்தனை? அடுத்து டேஷ்போர்டுக்கு அடியில், மெக்கானிக் ஸ்கேனர் செருகிப் பார்க்கிற ஓ.பி.டி. சாக்கெட்டில் ஏதாவது செருகியிருக்கிறதா, அதில் சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் உண்டு. கடன் போட்டு வாங்கிய வண்டிகளில் கறுப்பு டேப் சுற்றிய ஜி.பி.எஸ். டிராக்கர் இருக்கலாம், விற்றவருக்கே தெரியாமல் இருக்கும். டேஷ் கேமரா, ரிவர்ஸ் கேமரா, கொம்பு மாதிரி ஹாரன் என்று கம்பெனி போடாத எல்லாமே சந்தேகப் பட்டியல். டிக்கி விளக்கும் க்ளவ் பாக்ஸ் விளக்கும் மூடியதும் அணைகின்றனவா? போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் தெரிந்துவிடும். கைவைத்த சாமான் ஒன்றுமே இல்லாமல், ஃபியூஸிலும் விழாமல் வடிந்தால் ஆல்டர்னேட்டருக்குள் டையோடு கசியலாம், அதை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள்.

கேரள வண்டி என்றால் இன்னொன்று. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கே ஏகப்பட்ட கார்கள் முங்கின. சீட் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் காய்ந்த சேறு, பிளக்குகளுக்குள் பச்சைப் பூச்சு என்று கண்டால், வடிகால் ஒன்றாக இருக்காது, பத்தாக இருக்கும். அந்த வண்டியோடு மல்லுக்கட்டுவதை விட விற்றவரிடமே பேசுவது நல்லது.

வோல்டேஜ் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு ‘டக்’

12.6 காட்டுகிறது, செல்ஃப் போட்டால் ஒரு டக், பிறகு மௌனம். பானெட்டைத் திறந்து டெர்மினலை ஆட்டினதும் எடுக்கிறது. இது இணைப்புக் கோளாறு. மழையும் ஈரமும் உள்ள ஊரில் ஓடிய வண்டிக்கு இது சகஜம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், மைனஸை முதலில் கழற்றி, பிறகு பிளஸ்ஸைக் கழற்றி, சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றித் தேய்த்து, துடைத்து, மாட்டி இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது.

டெர்மினல் சுத்தமாக இருந்தும் தொடர்ந்தால் எர்த், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜின், பாடி இரும்போடு இணைக்கிற பட்டை. ஒருவரைச் செல்ஃப் போடச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பட்டை உள்ளே உளுத்துவிட்டது. வெளியே ரப்பர் புதிதுபோல் இருக்கும், நம்பாதீர்கள்.

வடிகாலும் இல்லை, இணைப்பும் சரி

அப்படியானால் பேட்டரிதான். முழு சார்ஜ் ஏற்றி, செல்ஃப் சுற்றும்போது அளங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் ஆயுள் முடிந்தது. நம் ஊர் வெயிலுக்கு மூன்று, நான்கு வருடம் வந்தாலே நல்ல பேட்டரி. மூடி திறக்கிற வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது பழைய பேட்டரி மேலிருக்கும் எண்ணைக் காட்டுங்கள். 38பி20எல் மாதிரி எண்ணில் கடைசி எழுத்து ‘எல்’ஆ, ‘ஆர்’ஆ என்பது முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது, மாறிப்போனால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டி என்றால், அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்குகிற ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான் போட வேண்டும். சாதாரண பேட்டரி போட்டு ‘லோ பேட்டரி’ வருகிற பழைய கார்கள் நிறைய, விற்பதற்காகச் செலவைக் குறைத்திருப்பார்கள். அந்த மாதிரி வண்டியில் மைனஸ் முனையில் ஒரு சின்ன சென்சார் இருக்கும், சார்ஜரின் கறுப்பு ஒயரை அதன் மேல் மாட்டாமல் பாடி இரும்பில் மாட்டுங்கள்.

பெயர் மாற்றும் வரை நிற்கிற வண்டி

கேரளாவிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி டி.என். 76-க்கு, அதாவது தென்காசி நம்பருக்கு மாற்றும் வரை பல வண்டிகள் வாரக்கணக்கில் ஷெட்டில் தூங்கும். மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் அழியும், சிலவற்றில் கண்ணாடி தானாக ஏறும் வசதியை மறுபடி பழக்க வேண்டும், பாட்டுப் பெட்டி கோட் கேட்கிற வண்டி என்றால் அந்தக் கோட் எண்ணை முதலில் விற்றவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளைக் கழற்ற மனமில்லை என்றால் வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் செல்ஃப் எடுத்த சார்ஜே திரும்பி ஏறாது.

என்.ஓ.சி. விஷயமாகப் புனலூர்க்காரருக்கு போன் செய்தபோது சீட்டுக்கு அடியில் இருந்த சாமானைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். “அது கொடுக்குன்னோ?” என்றார், அதை விற்கிறீர்களா என்று.